லார்ஸ் இல்லை அம்மா, லாஷ்

யெதெபொரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னது நியாயம்தான். "அங்க வந்து யாரை என்னன்னு கூப்பிடுறது? ஒரு பேரும் வாயில நுழைய மாட்டேங்குது. தமிழ்ல எழுதி தபால்ல போடு, நான் வர்றதுக்குள்ள மனப்பாடம் பண்ணிக்கிறேன்" என்றாய். எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. இந்த ஸ்வீடன் நாட்டுப் பெயர்களை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்தால் பாதி தப்பாகப் போயிருக்கும். தமிழில் அநேகமாகச் சரியாக வருகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் யார் பெயரும் தெரியாமலே ஆயுசை ஓட்டிவிடலாம். அக்கா, மாமி, சார், தம்பி, டீச்சரம்மா. நீ அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்தச் சௌகரியம் இங்கே கிடையாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாத்தியாரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது. டாக்டரும் பெயர்தான், மானேஜரும் பெயர்தான். நீ, நீங்கள் எல்லாவற்றுக்கும் 'தூ' என்று ஒரே சொல். உன்னைப் பார்த்து யாராவது 'தூ' என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இந்தியில் சொல்வார்களே, அது மாதிரி. முன்பு இங்கேயும் பட்டம், பதவி சொல்லித்தான் பேசிக்கொண்டார்களாம். 1967-ல் மருத்துவ வாரியத்துக்குத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்சேத் என்பவர், இனி எல்லோரையும் 'தூ' என்றே கூப்பிடுவேன், என்னையும் அப்படியே கூப்பிடுங்கள் என்றார். அதற்கு முன்பே மெல்லத் தொடங்கியிருந்த வழக்கம் பிறகு நாடு முழுக்கப் பரவிவிட்டது. ப்ரூர் என்றால் சகோதரன். எல்லோருடைய மரியாதைப் பட்டத்தையும் பிடுங்கியவருக்குப் பெயரே அண்ணன்தம்பி!

ஆக, பெயரைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது. நான் தப்பிக்கப் பார்த்தேன். ஆபீசில் சேர்ந்த முதல் இரண்டு வாரம் மானேஜரை "எக்ஸ்கியூஸ் மீ" என்றே ஓட்டினேன். எழுத்தைப் பார்த்து கோரன் என்று நினைத்திருந்தேன். அவர் யோரன். இ, எ மாதிரி உயிர்களுக்கு முன்னால் வரும் 'க' (இங்கிலீஷ் g) இங்கே 'ய' ஆகிவிடுகிறது. நான் இருக்கும் ஊரையே பார். மாமா இன்னும் கோத்தன்பர்க் என்கிறார். அது இங்கிலீஷ்காரன் வைத்தது. ஊர்க்காரர்கள் சொல்வது யெதெபொரி. அந்த முதல் 'யெ'க்கு மட்டும், எ சொல்லத் தொடங்கி உதட்டை ஒ-வுக்குக் குவித்துக்கொள். கடைசி 'ரி'யை முழுசாக இழுக்காதே, பாதியில் விட்டுவிடு. பெர்க் என்று முடிகிற பெயரெல்லாம் இப்படித்தான், 'பெரி'. பருவநிலைக்காகப் பள்ளிக்கூடத்தைப் புறக்கணித்து உட்கார்ந்ததே அந்தப் பெண் கிரேட்டா, அவள் தூன்பெரி. அப்பாவுக்குப் பிடித்த டென்னிஸ்காரர், 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து தடவை விம்பிள்டன் ஜெயித்தவர், ஜார்ன் போர்க் இல்லையாம். ப்யோண் பொரி.

அந்த 'ண்' எழுத்துப்பிழை இல்லை அம்மா. நம்முடைய மூன்று சுழி ண்ணேதான். இந்த நாட்டில் ர-வுக்குப் பின்னால் ந, ல, த, ஸ வந்தால் ர் மறைந்துவிடும். பின்னால் வந்த எழுத்து நாக்கை மடித்துக்கொள்ளும். ர், ந் சேர்ந்தால் ண். ர், ல் சேர்ந்தால் ள். ர், த் சேர்ந்தால் ட். ர், ஸ் சேர்ந்தால் ஷ். அதனால்தான் கார்ல் என்று எழுதியிருப்பவர் காள், லார்ஸ் என்பவர் லாஷ், மோர்தென் என்பவர் மோட்டென். இங்கே வகுப்பில் என்னோடு படித்தவர்கள் பலருக்கு இது வரவே இல்லை. நான் முதல் நாளே சொல்லிவிட்டேன். டீச்சர், எங்கே கற்றாய் என்று கேட்டார். எதிர் வீட்டு டியூஷன் வாத்தியாரிடம் "பள்ளி, பல்லி" என்று அடி வாங்கிக் கற்றதை எப்படி விளக்குவது?

அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டு: இது பெயருக்குள் மட்டும் நடப்பதில்லை, இரண்டு சொல் சேரும் இடத்திலும் நடக்கிறது. 'ஹார்' என்பதும் 'தூ' என்பதும் சேர்ந்தால் 'ஹாடூ'. நாள், தோறும் சேர்ந்து நாடோறும் ஆகும் என்று எனக்குத் தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்தாரே, அதற்குச் சொந்தக்காரன்தான் இது. (மால்மோ பக்கம் போனால் இந்தக் கதை செல்லாது. தெற்கத்திக்காரர்கள் ர-வைத் தொண்டையில் கொண்டுபோய்ச் சொல்வார்கள், நாக்கை மடிக்க மாட்டார்கள்.)

இந்த விதி தெரியாமல் பட்ட அவமானமும் உண்டு. வந்த புதிதில் ட்ராமில் ஏறி, டிரைவரிடம் "ஜார்ன்டார்கெட் போகுமா?" என்றேன். அவர் முழித்தார். மறுபடி சொன்னேன். மறுபடி முழித்தார். கடைசியில் போனில் எழுத்தைக் காட்டினேன். "ஆ, யாண்டொர்யெத்!" என்றார். ஒரு எழுத்துகூட நான் சொன்னதோடு ஒட்டவில்லை. இரும்புச் சந்தை என்று அர்த்தம். அந்தக் காலத்தில் ஏற்றுமதிக்கு வந்த இரும்பை எடை போட்ட இடமாம். நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன் என்றுதான் நினைத்தேன். 'தக்' என்று குறிலாகச் சொன்னால் நன்றி. நான் சொன்னது 'தாக்'. அது கூரை. ஒரு மாதம் முழுக்கக் கடைக்காரர், பஸ்காரர் எல்லோருக்கும் சிரித்த முகத்தோடு "கூரை, கூரை" என்று சொல்லியிருக்கிறேன். குறில் நெடிலில் கோட்டை விட்டது நான், அதுவும் உன் மகள்!

நீ மனப்பாடம் செய்ய வேண்டியது மூன்றே பெயர்.

மாடி வீட்டில் தம்பதி. அந்த அம்மா அன்னா, அவர் வீட்டுக்காரர் ஆர்னெ. அன்னாவுக்கு இரண்டு சுழி, அழுத்திச் சொல். ண போட்டு அண்ணா ஆக்கிவிடாதே, பெண்பிள்ளை. ஆர்னெக்கு இதுவரை படித்த விதியை நீயே போட்டுப் பார்: ஆணெ. ஆண்தான் ஆணெ. இதை மறக்கவே முடியாது.

மூன்றாவது கீழ் வீட்டுப் பாட்டி. கதவில் தபால் போடும் துவாரத்துக்கு மேலே குடும்பப் பெயர் ஒட்டியிருக்கும். (நம் கதவில் ஒட்டியிருப்பது உன் சம்பந்தியின் பெயர். அவர் இந்த ஊர்ப் பக்கம் வந்ததே இல்லை, தபால்காரருக்கு அவரைத்தான் நன்றாகத் தெரியும்.) பாட்டியின் பெயரை எழுத்துக் கூட்டினால் கெர்ஸ்டின் என்று வரும். அப்படி இல்லை. இந்த 'க' இங்கிலீஷ் k, அது இங்கே 'ச' ஆகிறது. சோறு, சட்டியில் வரும் ச இல்லை. நம் சிவன் கோயில் குருக்கள் "சிவ சிவா" என்பாரே, அந்த மெல்லிய ச. செஷ்டின். பத்துத் தடவை சொல்லிப் பார்.

இந்தப் பாட்டி வேர்ம்லாந்த் பக்கத்துக்காரர். 1987-ல் அப்பா தினமும் பேப்பரில் தேடித் தேடிப் படித்த போபர்ஸ் பீரங்கி அந்தச் சீமையில் செய்ததுதான். பாட்டி வாயால் கேட்டால் அது புஃபொஷ். அப்பாவிடம் சொல், நம்ப மாட்டார்.

என் பெயரைத்தான் இவர்கள் படாத பாடு படுத்துவார்கள். பாஸ்போர்ட்டில் யாழினிக்கு நடுவில் இஸட் இருக்கிறது. இஸட்டை இவர்கள் ஸ் என்றுதான் படிப்பார்கள். ஆஸ்பத்திரியில் "யாஸ்ஹினி!" என்று கூப்பிடும்போது வேறு யாரையோ என்று உட்கார்ந்தே இருந்திருக்கிறேன். போன வாரம் பாட்டி காபிக்குக் கூப்பிட்டார். ஏலக்காய் பன்னு வைத்தார், நம் வீட்டுப் பாயச வாசனை. "உன் அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவாள், அப்படிச் சொல்லு" என்றார். சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை என்றார். பிறகு, தங்கள் கிராமத்தில் ல-வைத் தடியாகச் சொல்வார்கள், நகரத்துக்கு வந்து பள்ளிக்கூடத்தில் அதற்காகக் கேலி செய்தார்கள், விட்டுவிட்டேன் என்று சொல்லி, அந்தப் பழைய ல-வை எடுத்து என் பெயருக்குள் வைத்தார். ழ இல்லை அம்மா. 'கூடை'யில் வரும் ட மாதிரி நாக்கு ஒரு தட்டு தட்டியது. ஆனாலும் இந்த ஊரில் வேறு யாரும் அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

குழந்தைக்குப் பெயர் பார்த்து வைத்திருக்கிறேன் என்றாயே, அதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். பிறந்த மூன்று மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும், அதனால் அவசரமில்லை. ஜ வேண்டாம், ஜனனி என்று வைத்தால் யனனி ஆகிவிடுவாள். ழ இருந்தால் இருக்கட்டும் என்கிறார் உன் மாப்பிள்ளை. எனக்கும் ஆசைதான். நீ வந்ததும் நாலைந்து பெயரை எழுதிக்கொண்டு கீழ் வீட்டுக்குப் போவோம், பாட்டி சொல்லிப் பார்க்கட்டும்.

பையில் இடமிருந்தால் ஏலக்காய் கூடக் கொஞ்சம் கொண்டு வா. நமக்கு இல்லை, செஷ்டினுக்கு.

உன் அன்பு மகள்,
யாழினி