‘முற்றாக’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள், ஐயா

எங்கள் நகரத்துக் கணினிப் பயிற்சி நிலையத்தின் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரமாக, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த பெண் நான்தான். பின்னால் வந்து நின்றீர்கள். திரையைப் பார்த்தீர்கள். “தங்கச்சி, இது படம் பார்க்கிற இடம் இல்ல” என்று சொல்லி, நீங்களே கையை நீட்டி அந்த ஜன்னலை மூடினீர்கள். மறுநாள் காலையில் கதவில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. நிலையத்துக்குள் வீடியோ பார்ப்பது முற்றாகத் தடையாம்.

நேரில் வந்து சொன்னேன். “பார்க்கலாம்” என்றீர்கள். எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதித் தந்தேன். அதற்கும் “பார்க்கலாம்” என்றீர்கள். பார்க்கக் கூடாது என்று ஒட்டிய இடத்தில் இந்தப் ‘பார்க்கலாம்’ மட்டும் மூன்று கிழமையாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இப்போது எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. படிப்பதற்கான வீடியோவைப் பார்க்க விடுங்கள்.

அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது படம் இல்லை ஐயா, படம் வரைவது எப்படி என்பதை. வெக்டர் வரைதல், அதாவது புள்ளியும் கோடுமாக வரைகிற முறை. அதில் கோடும் வளைவும் போடுகிற பென் டூல் என்ற கருவியைப் பாவிப்பது பற்றிய பன்னிரண்டு நிமிட வீடியோ அது. தமிழ்நாட்டில் யாரோ ஒருவர் பொறுமையாகச் சொல்லித் தருகிறார், மாவிலை ஒன்றை வரைந்துகொண்டே. ஏழாவது நிமிடத்தில், இலையின் நுனிக்கு வந்ததும், “இந்த இடத்துல மட்டும் ஷிப்டை அழுத்திக்கிட்டு...” என்றார். அப்போதுதான் உங்கள் கை வந்தது.

ஷிப்டை அழுத்திக்கிட்டு என்ன செய்ய வேண்டும்? இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் வகுப்பின் நிலைமை உங்களுக்குத் தெரிந்ததுதான். கிராபிக் டிசைன் என்று பெயர் பதிந்து, காசு கட்டி, பதினாலு பேர் சேர்ந்தோம். இரண்டாம் மாதத்தில் போதனாசிரியருக்கு இடமாற்றம் வந்தது. நல்ல மனுஷன், போகும்போது எல்லாக் கணினியிலும் இங்க்ஸ்கேப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். “காசு கட்டத் தேவையில்லாத மென்பொருள், 2003ல இருந்து ஆட்கள் சேர்ந்து சேர்ந்து வளர்த்தது, இதுலயே எல்லாம் செய்யலாம்” என்றார். அவருக்குப் பதிலாக ஒருவர் ‘விரைவில்’ வருவார் என்று இருக்கிறது. பதினாலு பேர் ஆறு பேரானோம். அந்த ஆறு பேருக்கும் இப்போது இருக்கிற ஒரே போதனாசிரியர் யூடியூப்தான். ஆசிரியரும் இல்லை, வீடியோவும் கூடாது என்றால், நாங்கள் கதிரையைச் சூடாக்குவதற்கா பஸ் ஏறி வருகிறோம்?

“அப்படியென்றால் புத்தகத்தைப் பார்த்துப் படி” என்று அன்று சொன்னீர்கள். அதற்குக் கொஞ்சம் விளக்கமாகப் பதில் சொல்ல வேண்டும்.

பென் டூலில் ஒரு இடத்தில் சும்மா கிளிக் செய்தால் ஒரு புள்ளி விழும். அடுத்த இடத்தில் கிளிக் செய்தால் இரண்டுக்கும் நடுவில் நேர்கோடு. இதைப் புத்தகத்தில் படிக்கலாம், சரி. ஆனால் கிளிக் செய்த கையை எடுக்காமல் இழுத்தால், அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடிகள் முளைக்கும். எந்தத் திசையில் இழுக்கிறோமோ அந்தத் திசையில் கோடு கிளம்பும். எவ்வளவு நீளம் இழுக்கிறோமோ அவ்வளவுக்கு வளைவின் வயிறு பெருக்கும். புத்தகத்தில் ‘இழுக்கவும்’ என்று ஒரு சொல்தான் இருக்கும். எவ்வளவு இழுக்க? எந்தப் பக்கம் சாய்த்து? எந்த நேரத்தில் கையை எடுக்க? வரைகிறவரின் மவுஸ் போகிற போக்கைப் பார்த்தால்தான் அது பிடிபடும். தேயிலைக் கொழுந்து கிள்ளுவதை யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை. அம்மாவுக்குப் பாட்டி நிரையில் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தார். அப்படித்தான் இதுவும்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் த்ரீவீலர் ஓட்டுகிற ஒரு அண்ணன், பின்கண்ணாடியில் ஒட்ட ‘இரண்டு இலை ஒரு மொட்டு’ ஸ்டிக்கர் கேட்டார். எனக்கு வந்த முதல் ஓடர். போனில் கொழுந்தைப் படம் எடுத்து, மென்பொருளையே ஓரம் கண்டுபிடிக்க விட்டேன். ஒரு பட்டனில் வேலை முடிந்தது. பெருமையாக ஹட்டனில் ஸ்டிக்கர் வெட்டுகிற கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி திறந்து பார்த்துவிட்டு, “அக்கா, இதுல அறுநூறு புள்ளிக்கு மேல இருக்கு” என்றான். வெட்டுகிற மெஷின் அந்தக் கோட்டின் மேல்தான் கத்தியை ஓட்டுகிறது. இத்தனை புள்ளி இருந்தால் கத்தி நடுங்கி நடுங்கிப் போகிறது. ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி வந்தது. “கையால வரஞ்சா இருபது முப்பது புள்ளியில முடிச்சிடலாம்” என்றான். அன்றைக்குத்தான் பென் டூலைச் சரியாகப் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

ஆனால் மாவிலையின் ஓரம் வழவழவென்று போகும், தேயிலையின் ஓரத்தில் பல் இருக்கிறது. ஒவ்வொரு பல்லின் நுனியிலும் வளைவு முறிந்து திரும்ப வேண்டும். அந்த ஏழாவது நிமிடத்தில் அவர் சொல்ல வந்தது அந்த முறிவைத்தான்.

“வீட்டில் போனில் பார்த்துவிட்டு வந்து இங்கே செய்” என்றும் சொன்னீர்கள். செய்து பார்த்தேன், ஐயா. நாங்கள் இருக்கிற லயத்துக்குள், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், சிக்னல் இல்லை. பத்தாம் நம்பர் மலைக்கு மேலே, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டு கோடு வரும். கொரோனாக் காலத்தில் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்கு நின்ற அதே இடம். சாயந்திரம் ஏறினேன். மழைக்காலம், காலில் அட்டை. ஒரு கையில் குடை, ஒரு கையில் போன். வீடியோ ஓடியது, ஆனால் 144 என்ற மங்கலான தரத்தில். அதற்கு மேலே வைத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இங்க்ஸ்கேப்பில் முறிகிற புள்ளியைச் சாய்ந்த சதுரமாகவும், வழுக்கிப் போகிற புள்ளியை நேரான சதுரமாகவும் காட்டும். அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பார்த்துத்தான் எந்தப் புள்ளி எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 144இல் இரண்டும் எள்ளு மாதிரித் தெரிந்தன. அவர் ஷிப்டை எப்போது அழுத்தினார், எப்போது விட்டார், மவுஸை எந்தப் பக்கம் திருப்பினார், ஒன்றும் தெரியவில்லை. இலை நுனி மட்டும் திடீரென்று அழகாகத் திரும்பிவிட்டது, மந்திரம் போட்ட மாதிரி. நான்கு தரம் திருப்பித் திருப்பிப் போட்டேன். பனி இறங்கி, போனின் கண்ணாடியும் மங்கி, டேட்டாவும் முடிந்தது.

விளங்கிய மட்டும் சி.ஆர். கொப்பியில் பென்சிலால் வரைந்துகொண்டு வந்தேன். ‘புள்ளி வை. இழு (சுண்டுவிரல் நீளம்?). நுனியில் ஷிப்ட் (எப்போது??)’. மறுநாள் அந்தக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் நிலையத்தில் உட்கார்ந்தேன். கிளிக் பண்ணுவதற்கு முன்னே ஷிப்டை அழுத்தினேன், கையை எடுத்த பிறகும் அழுத்தினேன். இரண்டு கைப்பிடியும் நுகத்தில் பூட்டிய மாடு மாதிரிச் சேர்ந்தே அசைகின்றன. ஒன்றை மட்டும் திருப்ப முடியவில்லை. அதே கணினியில், அதே திரையில், இன்னொரு ஜன்னலில் அந்த வீடியோவைத் திறந்தால் பத்து விநாடியில் தெரிந்துவிடும். இன்டர்நெட் இருக்கிறது, திரை பெரிது, மவுஸ் இருக்கிறது. கதவில் மட்டும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது.

தோட்டத்தில் அரைப்பேர் என்று ஒன்று உண்டு, தெரியும்தானே. நாள் முழுக்க மலையில் நின்றாலும் கிலோ குறைந்தால் கணக்கில் பாதிதான் விழும். என் படிப்புக்கும் இப்போது அரைப்பேர்தான் விழுகிறது. ஏழு நிமிடம் கணக்கில் இருக்கிறது, மிச்சம் ஐந்து நிமிடம் அறிவித்தலுக்குப் பின்னால் இருக்கிறது.

அந்த வீடியோவின் தொடக்கத்தில் அவர் ஒரு கதை சொன்னார். இந்த வளைவுகளுக்கான கணக்கு பிரான்சில் கார் உடம்புகளை வரைவதற்காக வந்ததாம். சித்ரோயன் கம்பனியில் போல் த காஸ்தல்ஜோ என்பவர் 1959இலேயே அதைச் செய்திருக்கிறார். கம்பனி அதை வெளியே விடாமல் பூட்டி வைத்தது. ரெனோ கம்பனியில் பியர் பெசியே தானாகவே அந்த வழிக்கு வந்து, எழுதி வெளியிட்டார். அதனால் இன்று உலகம் முழுக்க அது பெசியே வளைவு. பூட்டி வைத்தது கம்பனி, பெயரை இழந்தது அந்த மனுஷன். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று உங்களுக்கு விளங்கும்.

அப்புறம், அந்த அறிவித்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பார்த்தல்’ என்பதில் ஒரு ‘த்’ விழுந்து, ‘வீடியோ பார்தல் முற்றாக தடை’ என்று இருக்கிறது. 1987இல் நம் நாட்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. அறிவித்தல்களில் தமிழைத் திருத்த எத்தனையாம் திருத்தம் வர வேண்டுமோ தெரியவில்லை. மேலே இருக்கிற உங்கள் நிலையத்தின் சின்னமும் சதுரம் சதுரமாகப் பிய்ந்து தெரிகிறது. சின்னப் படத்தை இழுத்துப் பெருப்பித்தால் அப்படித்தான் வரும். வெக்டராக வரைந்து வைத்தால் தபால் முத்திரை அளவிலும் தெளிவாக இருக்கும், கூரை அளவிலும் தெளிவாக இருக்கும். அதைத்தான், ஐயா, அந்த வீடியோவில் படித்துக்கொண்டிருந்தேன்.

இதோடு நிற்கவில்லை மனசு. எங்கள் முன்னோர் தோட்ட வேலைக்கு இலங்கை வந்த 1823இலிருந்து கணக்கு வைத்து, 2023இல் மலையகம் இருநூறு என்று ஊரெல்லாம் பேசினோம். எங்கள் பக்கத்து மேடையிலும் “மலையக இளைஞர்கள் கணினித் துறைக்கு வர வேண்டும்” என்று சொல்லாத ஆள் இல்லை. வர வேண்டுமாம். வந்துவிட்டோமே, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறோமே! டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய 2022ஐ நாங்களும் பார்த்தவர்கள்தான். டொலரில் மாதக் காசு கட்டி மென்பொருள் வாங்கித் தாருங்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. இலவச மென்பொருள், இலவச வீடியோ, ஏற்கனவே வாங்கி வைத்த கணினி. இடையில் நிற்பது ஒரு ஏ-நாலு தாள்.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததை விட்டு எங்கேயோ ஏறிவிட்டேன்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். சில பையன்கள் மூன்று மணிநேரப் படமும் கிரிக்கெட்டும் பார்த்து, மாதம் முடிய முன்பே டேட்டாவை முடித்தார்கள். கேள்வி கேட்டபோது மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது உங்களுக்குத்தான். அது சுலபமில்லை. ஆனால் நான் ஒரு வீடியோவை ஓட விட்டு வேடிக்கை பார்ப்பதில்லை. பத்து விநாடி பார்த்து, நிறுத்தி, செய்து, பிழைத்து, திரும்பப் பார்க்கிறேன். பன்னிரண்டு நிமிட வீடியோவோடு ஒரு பகல் முழுக்கப் போய்விடும். பக்கத்தில் வந்து நின்று பார்த்தால் எது படம், எது பாடம் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு பதிவுப் புத்தகம் வையுங்கள். யார், என்ன வீடியோ, எத்தனை நிமிடம் என்று, மடுவத்தில் கொழுந்து நிறுத்து எழுதுகிற மாதிரி எழுதுங்கள். பிழையாகப் பார்த்தவரை மட்டும் நிறுத்துங்கள். வீடியோவை 360இல் வைத்தாலும் அந்தப் பெரிய திரையில் எங்களுக்குப் போதும், டேட்டாவும் குறையும். வீடியோவே கூடாது என்பதைப் ‘பாடம் தவிர்ந்த வீடியோ கூடாது’ என்று மாற்றினாலே போதும். படிப்பதற்கான வீடியோவைப் பார்க்க விடுங்கள் என்று தாழ்மையோடு திரும்பவும் கேட்கிறேன்.

புது அறிவித்தல் போடுவதாக இருந்தால் நானே இலவசமாக எழுதி, சின்னத்தையும் வெக்டரில் வரைந்து தருகிறேன். அதில் கூர்மையான நுனிகள் இரண்டு இருக்கின்றன. அதற்கு அந்த மிச்ச ஐந்து நிமிடம் வேண்டும்.

திங்கட்கிழமை எட்டரை பஸ்ஸில் வருவேன். ஹெட்போன் என்னுடையது.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசை, ஜன்னலோரக் கதிரை