எழுத்து வரையப் போகிற பெண்ணுக்கு எந்த ஊர்?

அன்புள்ள தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மூத்தவன் வேலை மாறி பெங்களூரு போய்விட்டான். புத்தகக் காட்சி நெருங்குவதால் எனக்குப் பதிப்பகத்தில் பக்கம் கட்டவே நேரம் சரியாக இருக்கிறது.

உன் மகள் எழுத்துரு வடிவமைப்பில் முதுகலை படிக்க ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! இங்கிலாந்தில் ரெடிங்கா, நெதர்லாந்தில் தி ஹேகா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படி.

தி ஹேக் ராயல் அகாடமியின் 'டைப் அண்ட் மீடியா' ஓராண்டுப் படிப்பு. வருடத்துக்குப் பன்னிரண்டு பேர் அளவில்தான் எடுப்பார்கள். கெரிட் நோர்ட்ஸே என்ற ஆசிரியர் 1960 முதல் 1990 வரை அங்கே கற்பித்தார்; அவர் போட்ட பாதையில்தான் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. எழுத்தின் வடிவம் கோட்டில் பிறக்கிறது, கோடு கருவியில் பிறக்கிறது என்பது அவர் கொள்கை. அதனால் பட்டை நிப் பேனாவைப் பிடித்து எழுதிப் பழகுவதில்தான் எல்லாம் தொடங்கும். கல்லில் உளியால் எழுத்து வெட்டுவார்கள், பைத்தான் என்ற கணினி மொழியில் நிரலும் எழுதுவார்கள். எழுத்துருக் கோப்புகளைப் பிரித்து மேய உலகமே பயன்படுத்தும் 'ஃபான்ட்டூல்ஸ்' நிரலைத் தொடங்கிய யுஸ்ட் வான் ராசம் அங்கே பாடம் நடத்தியவர். பைத்தான் மொழியை உருவாக்கிய கீடோவின் தம்பி அவர். கையும் கணினியும் ஒன்றாகத் தேற வேண்டும் என்றால் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உன் மகள் தமிழ் எழுத்து வரைய வேண்டும் என்கிறாள். அதனால்தான் நான் ரெடிங் பக்கம் சாய்கிறேன்.

பட்டை நிப்பைச் சாய்த்துப் பிடித்தால் கோடு ஒரு திசையில் தடிக்கும், இன்னொரு திசையில் மெலியும். ரோமன் எழுத்தின் தடிப்பும் மெலிவும் அப்படி வந்தவை. நம் எழுத்து வளர்ந்தது ஓலையில். எழுத்தாணி கீறிய கோடு எங்கேயும் ஒரே கனம்தான். தமிழில் தடிப்பும் மெலிவும் பெரும்பாலும் அச்சோடு வந்து பழகியவை. அப்படியானால் 'ண'வின் சுழியில் எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும்? நிப்பைக் கேட்டால் பதில் வராது. பழைய அச்சு எழுத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். எட்டுப் புள்ளி என்கிற சின்ன அச்சு அளவில் அந்த மூன்று சுழிகளும் மையில் அடைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும், அதே சமயம் பக்கத்தில் நிற்கும் 'ர'வைவிடக் கறுப்பாகவும் தெரியக்கூடாது. தினமும் புரூஃப் பார்க்கிறவள் சொல்கிறேன், இந்த ஒரு எழுத்திலேயே ஃபான்ட்டின் தரம் தெரிந்துவிடும். அப்புறம் உகரம். 'பு', 'து', 'கு' மூன்றிலும் அது மூன்று விதமாகப் போகிறது. இதையெல்லாம் ஒரே குடும்பமாகக் காட்டுவது சின்ன வேலை இல்லை.

ரெடிங் பல்கலைக்கழகத்தில் எழுத்துரு வடிவமைப்பு முதுகலை 1999-இல் தொடங்கியது. லத்தீன் அல்லாத எழுத்துகளுக்கென்றே அங்கே ஒரு சேகரிப்பு இருக்கிறது. அச்சுக்கோக்கும் இயந்திரங்கள் செய்த லினோடைப் நிறுவனம் இந்திய எழுத்துகளுக்கு வரைந்த மூல ஓவியங்கள் அதில் உள்ளன. அந்த நிறுவனத்தில் 1978 முதல் 1989 வரை லத்தீன் அல்லாத எழுத்துகளைக் கவனித்த ஃபியோனா ராஸ் அங்கே நீண்ட காலம் கற்பித்தார். வேறொரு மொழியின் எழுத்தை எப்படி மரியாதையோடு அணுகுவது என்பதையே அவர் ஒரு பாடமாக்கினார். அங்கே படித்த பிரியா ரவிச்சந்திரன் வரைந்ததுதான் 'கேட்டமரான்' என்ற தமிழ் எழுத்துரு. கூகுளில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒன்பது தடிமன்களில். மகளை அதைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல். பிரேசில்காரரான ஃபெர்னாண்டோ மெல்லோவும் ரெடிங்கில்தான் தமிழ் வரைந்தார்.

ஒன்றை மட்டும் அவள் மனதில் வைக்க வேண்டும். ரெடிங்கில் காகிதம் இருக்கும், முறை இருக்கும். தமிழை வாசித்துப் பழகிய கண்ணை இவள்தான் கொண்டுபோக வேண்டும். அதனால் விண்ணப்பிக்கும் முன் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் உட்காரட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகங்களை எடுத்து, ஒரே எழுத்தை வேறு வேறு அச்சகங்கள் எப்படி வார்த்திருக்கின்றன என்று பார்க்கட்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் துதிக்கை போல வளைந்த 'ணை', 'லை' எல்லாம் அவள் கைக்குப் பழக வேண்டும். நாம் பள்ளியில் படித்த எழுத்து அவளுக்குப் புதிது.

பணம் பற்றிக் கேட்டாய். பிரிட்டனில் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் தனி, அதோடு வாடகையும் சேர்ந்தால் கனமான தொகைதான். ஆனால் ஃபெலிக்ஸ் உதவித்தொகை இந்திய மாணவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, லண்டனின் சோவாஸ், ரெடிங் என்ற மூன்று பல்கலைக்கழகங்களிலும் கிடைக்கிறது. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகையும் உண்டு, அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் ஊர் திரும்பி இரண்டு வருடம் இருக்கவும் வேண்டும். இரண்டுக்கும் போட்டி கடுமை. உதவித்தொகை கிடைக்காவிட்டால் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்காதே. எழுத்துரு நிறுவனங்கள் சின்னவை, வேலை இடங்கள் குறைவு. அகமதாபாத்தில் இந்தியன் டைப் ஃபவுண்டரி, மும்பையில் ஏக் டைப் என்று விரல் விட்டு எண்ணலாம். அந்தக் கடனை அடைக்க அவள் பிடிக்காத வேலைக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்படி ஒரு நிலை வந்தால் மும்பை ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளியான ஐடிசி இருக்கிறது. சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். எழுத்துருவுக்கென்று தனிப் படிப்பு இல்லை, தொடர்பியல் வடிவமைப்புதான். ஆனால் விண்டோஸில் வரும் 'மங்கள்' என்ற இந்தி எழுத்துருவை வடிவமைத்த ஆர்.கே. ஜோஷி பாடம் சொன்ன இடம். ரெடிங்கே கோடையில் நடத்தும் குறுகிய பயிற்சிக்கு அங்கிருந்து போகலாம். எழுத்துருப் பட்டம் இல்லாமலும் வழி இருக்கிறது: மலேசியாவின் முத்து நெடுமாறன் பொறியியல் படித்தவர். ஆப்பிள் கணினிகளில் நாம் பார்க்கும் 'இணைமதி' தமிழ் எழுத்துரு அவர் செய்ததுதான்.

இப்போதைக்கு அவளை கு, டு, மு, ரு நான்கையும் வரைந்து எனக்கு அனுப்பச் சொல். பென்சிலில் வரையட்டும், கணினி வேண்டாம், அழித்த கோடுகளும் அப்படியே இருக்கட்டும். விண்ணப்பத்தோடு அனுப்பும் தொகுப்பில் அழகாக முடிந்த வேலையோடு இந்தத் தடுமாற்றமும் இருப்பது நல்லது. பொங்கலுக்கு வரும்போது இரண்டு நாள் கூடுதலாகத் தங்குங்கள். தரமணிக்கு நானே அவளை அழைத்துப் போகிறேன். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் அறைத்தோழி