சோலை என்றே அச்சிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நீலகிரியின் நீராதாரங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஓடைகள் ஏன் வற்றுகின்றன என்பதை இடம் சுட்டிச் சொன்ன நல்ல கட்டுரை. ஆனால் மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் காடுகளுக்கு முதல் பத்தி தொடங்கிக் கடைசி வரை 'ஷோலா காடுகள்' என்றே அச்சாகியிருக்கிறது. போதாததற்குப் பெட்டிச் செய்தியில் ஒரு விளக்கம்: 'ஷோலா' இந்திச் சொல்லாம், தீப்பிழம்பு என்று பொருளாம், மரங்கள் செந்தளிர் விடும்போது காடே பற்றி எரிவதுபோல் தெரிவதால் இந்தப் பெயர் வந்ததாம். செந்தளிர் உண்மை. மற்றது தவறு.

அது நம் சோலைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலையேறி வந்த ஆங்கிலேயர்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். பேச்சில் நாம் சோலை என்று ஐகாரத்தை முழுதாக உச்சரிப்பதில்லை. 'சோல' என்றுதான் வாயில் வரும். மதுரை அவர்கள் ஏட்டில் 'மதுரா' ஆனதும் இப்படித்தான். முதலெழுத்துச் சகரத்துக்கும் கணக்கு இருக்கிறது. சேர்வராயன் மலை 'ஷெவராய்' ஆயிற்று. சோழவந்தான், சோளிங்கர், சோழிங்கநல்லூர் மூன்றும் ஆங்கிலத்தில் இன்றைக்கும் 'ஷோ' என்றுதான் தொடங்குகின்றன. ஆக, சோல என்பது 'ஷோலா' ஆனதில் புதிர் ஒன்றும் இல்லை. பிறகு அது காட்டியலின் கலைச்சொல்லாகி உலகமெங்கும் போனது. அதை ஆங்கில நூல்களிலிருந்து எடுத்துத் தமிழில் எழுதியவர்கள், வீட்டுப் பிள்ளையை விருந்தாளியாக உட்காரவைத்ததுபோல், 'ஷோலா' என்று வேற்றெழுத்துப் போட்டு அழைத்துவந்துவிட்டார்கள்.

இதில் எழுத்துப் பிசகு மட்டும் இருந்தால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். ஆங்கில எழுத்தில் ல, ள, ழ மூன்றும் பெரும்பாலும் ஒரே எழுத்தாகிவிடும். அங்கிருந்து தமிழுக்குத் திரும்பும்போது எந்த லகரம் என்று தெரியாமல் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் 'சோழா காடுகள்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். சோழ மன்னர்கள் வளர்த்த காடு என்று விளக்கமும் தருகிறார்கள். நீலகிரியின் மேற்குச் சரிவுக்குக் கீழே, நிலம்பூர்க் காடுகளில் வாழும் சோலநாயக்கர் என்ற பழங்குடி மக்களுக்கும் இதே கதிதான். அவர்கள் பெயரில் இருப்பது சோலை. ஆங்கில எழுத்தில் அது சோழ என்பதுபோலவே தெரிவதால் அவர்களையும் சோழ மரபோடு முடிச்சுப் போடுகிறார்கள். தமிழுக்குள்ளேயே இந்தக் குழப்பம் உண்டு: சோளக்கொல்லை பொம்மையைச் சோலைக்கொல்லை பொம்மை என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர்!

'ஷோலா' என்று எழுதிவிட்டால் வேறு நாலைந்து சொற்களும் அதே வாசல் வழியாக உள்ளே வருகின்றன. பெட்டிச் செய்தி எழுதியவர் மாட்டிக்கொண்டது அதில் ஒன்றில். இந்தியிலும் உருதிலும் ஷோலா என்றால் தீக்கொழுந்து. 1975இல் வந்த இந்திப் படத்தின் பெயரான 'ஷோலே' இதன் பன்மை. ஆனால் இதன் பிறப்பு அரபு. மூட்டுதல், பற்றவைத்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. அரபு மூலத்தில் நடுவே தொண்டையடியில் பிறக்கும் ஓர் ஒலி உண்டு. உருது எழுத்து அதை இன்னும் காட்டுகிறது. நாகரி எழுத்தில் அது நீண்ட ஓகாரமாகக் கரைந்துவிட்டது. அந்த ஒலி சோலையில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பாரசீகத்தில் இன்னொன்று: 'ஷோலே ஸர்த்' என்பது குங்குமப்பூ போட்டுக் குழைய வேகவைத்த மஞ்சள் நிற இனிப்புப் பொங்கல். குழைவு, தளர்வு என்ற பொருளில் வந்த சொல் அது. தீக்கொழுந்தோடும் அதற்கு உறவில்லை. மராத்தியில் 'சோளா' பதினாறு; வங்காளத்தில் அதே எண் 'ஷோலோ'. இவை வடமொழி ஷோடசத்தின் வழி வந்தவை.

வங்காளத்துச் 'ஷோலா'வைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு தாவரத்தின் பெயர் என்பதால் நம்முடையதோடு மிக எளிதில் கலந்துபோகிறது. சதுப்பிலும் குளக்கரையிலும் தண்ணீருக்குள் நின்று வளரும் செடி அது. தமிழில் நெட்டி என்போம். தண்டின் மேல்தோல் பழுப்பு. அதைச் சீவி எடுத்தால் உள்ளே பஞ்சுபோல் எடையே இல்லாத வெள்ளைச் சோறு. நீளக் கத்தியால் தண்டை உருட்டி உருட்டிச் சீவினால் அறுபடாத மெல்லிய தாளாக வரும். வங்காளத்தில் மணமகன் தலையில் வைக்கும் 'டோபோர்' கிரீடமும் துர்க்கையின் வெள்ளை அலங்காரமும் இதில்தான் செய்யப்படுகின்றன. தஞ்சாவூர் நெட்டி வேலையும் இதே செடிதான்; 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் போடும் நெட்டி மாலையும் இதுவே. ஊட்டியில் பழைய படங்களில் வெள்ளைக்காரர் தலையில் தெரிகிறதே கனத்த தொப்பி, அதுவும் நெட்டித் தாளை அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டி, மேலே துணி போர்த்தியதுதான். பெயர் 'சோலா டோப்பி'. வெயிலுக்குப் போடுவது என்பதால் ஆங்கிலேயரே அதைச் 'சோலார்' என்று எழுதத் தொடங்கினார்கள். சோலைக்குள் போட்டுக்கொண்டு போன தொப்பி என்று மலையில் சிலர் சொல்வதற்கும் அடிப்படை கிடையாது. நெட்டி தாழ்நிலச் சதுப்புச் செடி, சோலைக்குள் வளர்வதில்லை.

அப்படியானால் நம் சொல்லுக்கு உண்மையான உறவு எது? மலையாளத்துச் 'சோல'. அங்கே அதற்கு இரண்டு பொருள்: நிழலடர்ந்த மரக்கூட்டம் ஒன்று, சிற்றோடை இன்னொன்று. இரண்டும் எப்படி ஒரே சொல்லில் வந்தன என்பதற்கு அகராதியைப் புரட்டுவதைவிட ஒரு சோலைக்குள் போய்ப் பார்ப்பது மேல். சோலை மலையெங்கும் பரவிக் கிடக்காது. 1,500 மீட்டருக்கு மேல், இரண்டு மேடுகள் சேரும் மடிப்பில், தண்ணீர் இறங்கும் வழியில்தான் இருக்கும். மேட்டில் புல், மடிப்பில் மரம், இரண்டுக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி விளிம்பு. அந்த விளிம்பிலும் புல்வெளியிலும் காட்டுப்பூவரசு நிற்கும். உள்ளே நாவல் இனங்கள், காட்டுச் செண்பகம். மரங்கள் பெரும்பாலும் 15 மீட்டரைத் தாண்டாது; அடிமரம் முறுகி, பட்டையே தெரியாமல் பாசி மூடியிருக்கும். காலடியில் மக்கிய இலை கனத்துக் கிடக்கும். மழை நின்று பல நாள் ஆன பிறகும் கையால் அழுத்தினால் தண்ணீர் கசியும். அந்தக் கசிவு கீழே போய் ஓடையாகிறது. கோத்தகிரி லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான். சுற்றியுள்ள ஊர்கள் குடிக்கும் தண்ணீர் அதன் ஊற்றிலிருந்து வருகிறது. மரமும் நீரும் இங்கே வேறு வேறல்ல. ஓடைகளைப் பற்றிய உங்கள் கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு கிடைக்காது.

'சோலை என்றால் சமவெளி வாசகர் பூந்தோட்டம், மாந்தோப்பு என்று நினைப்பார். அறிவியலுக்கு ஷோலாவே இருக்கட்டும்' என்று ஒரு வாதம் வரும். பூஞ்சோலை, மாஞ்சோலை என்று பழகிய காதுக்கு அப்படித் தோன்றலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலைக்காட்டைச் சோலை என்பது இன்று நேற்று வந்ததல்ல. திருமுருகாற்றுப்படை 'பழமுதிர் சோலை மலைகிழவோனே' என்றுதான் முடிகிறது. ஆழ்வார்கள் பாடிய மாலிருஞ்சோலையும் மலைதான். கொடைக்கானல் பக்கம் பாம்பார் சோலை, மதிகெட்டான் சோலை என்ற பெயர்கள் எப்போதும்போல் புழங்குகின்றன. கேரள அரசு 2003இல் இடுக்கி மாவட்டத்தில் அறிவித்த தேசியப் பூங்காக்களும் மலையாளத்தில் ஆனமுடிச் சோல, பாம்பாடும் சோல, மதிகெட்டான் சோல என்றே வழங்குகின்றன. பொருள் மயங்கும் என்று தோன்றினால் முதல் இடத்தில் 'சோலைக்காடு' என்று போட்டுவிட்டு, அடுத்து வரும் இடங்களில் சோலை என்று எழுதலாம். நட்டு வளர்த்ததற்கு மலையில் தோப்பு என்ற சொல் இருக்கவே இருக்கிறது: கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்பு, சீகைத் (வாட்டில்) தோப்பு. இந்த இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால்தான் உண்மையான ஆபத்து. புல்வெளியில் கன்று நட்டுவிட்டு அதையும் சோலை மீட்பு என்று சொல்ல இடம் கொடுத்துவிடுவோம்; புல்வெளி தரிசல்ல, சோலைக்கு இணையாக நீரைப் பிடிப்பது.

இனி இப்படி ஒரு சொல் வந்தால், ஒலி ஒத்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மூலமொழியின் எழுத்தில் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அடுத்து, பக்கத்து மொழியில் அதே பொருளில் உறவுச்சொல் உண்டா என்று தேடுங்கள். பிறகு, எந்த வழியாக, யார் வாயால், எந்தக் காலத்தில் வந்தது என்று கேளுங்கள். தீக்கொழுந்து விளக்கம் முதல் படியிலேயே விழுந்துவிடும். இந்தி இந்த மலைக்கு வருமுன்பே இங்கே சோலை இருந்தது.

அடுத்த இதழில் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். சோலையாறு அணையை ஒரு படக்குறிப்பில் 'ஷோலயார்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதையும் சேர்த்துத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோத்தகிரி