மயிர்க்காலை ஒழித்தால் புண் எப்படி ஆறும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடம்பு ரோமத்தால் அழுக்கு சேர்வதைத் தவிர ஒரு பயனும் இல்லை, மயிர்க்காலையே ஒழித்துவிட்டால் தோல் பொலிவு பெறும் என்று சென்ற இதழின் அழகுக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். தீக்காய வார்டில் கட்டுப் பிரிப்பதை ஒருமுறை பார்த்தவருக்கு அந்த வரியை அச்சேற்ற மனம் வராது.

இரண்டாம் நிலைத் தீக்காயத்தில் மேல்தோல் முழுக்கப் போனாலும் அடித்தோலுக்குள் இறங்கியிருக்கும் மயிர்க்கால்கள் பிழைத்திருக்கும். ரோமத்தைச் சிலிர்க்க வைக்கும் சின்னத் தசை வந்து ஒட்டுகிற இடத்தில், புதுச் செல்களைப் பிறப்பிக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. காயம் பட்டதும் அங்கிருந்து செல்கள் மேலேறி வரும். சிவந்த புண்ணில் முதலில் கடுகளவு வெளிர்ப் புள்ளிகள் தெரியும். அவை படர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்தால் புண் மூடிவிடும். மேலோட்டமான காயமென்றால் 2, 3 வாரம் போதும். மயிர்க்காலும் வெந்துபோயிருந்தால் ஓரத்திலிருந்துதான் தோல் வளர்ந்து வர வேண்டும். புண் அகலமானால் ஒட்டுத்தோல் வைக்காமல் தீராது. அந்த ஒட்டுத்தோலைத் தொடையிலிருந்து சீவும் கனமும் ஏறக்குறைய 0.2, 0.3 மில்லிமீட்டர்தான். அடியில் மயிர்க்காலும் வியர்வைச் சுரப்பியும் மிஞ்சுவதால்தான் சீவிய இடம் சுமார் 2 வாரத்தில் ஆறுகிறது. மயிர்க்கால் நெருக்கமாக உள்ள தலையில் இன்னும் சீக்கிரம்.

வெண்புள்ளிக்கு எலுமிச்சைச் சாறு தேய்க்கச் சொன்னதும் இதே பக்கம்தான். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரும். நிறம் திரும்புவதும் பெரும்பாலும் மயிர்க்காலிலிருந்தே. புற ஊதாக் கதிர் சிகிச்சையில் வெள்ளைத் திட்டுக்குள் ரோமத்தைச் சுற்றிக் கரும்புள்ளி விழுந்தால் நல்ல அறிகுறி. ரோமமும் நரைத்த திட்டு, ரோமமே இல்லாத விரல் நுனி இவையெல்லாம் சிகிச்சைக்கு எளிதில் மசியாது.

அதற்கும் முன்னால் தீக்காயத்துக்குப் பற்பசை! அப்போதே மறுத்து எழுதினோம். ஒரு வரி பதில் இல்லை. பற்பசை பூசி வந்தால் காயத்தின் ஆழம் தெரியாது, தேய்த்துக் கழுவித்தான் பார்க்க வேண்டும். தொற்று புகுந்தால் பிழைத்திருந்த மயிர்க்காலும் சாகும். தானாக ஆறியிருக்க வேண்டிய புண் அறுவை சிகிச்சைக்குப் போகும்.

ரோமம் நீக்குவது அவரவர் விருப்பம். ஈரத்தில், வளர்ந்த போக்கிலேயே, புது பிளேடால் மழித்தால் மயிர்க்காலுக்குச் சேதமில்லை. எதிர்ப்போக்கில் ஒட்டச் சிரைத்தால் நுனி உள்ளுக்குள்ளேயே சுருண்டு சீழ்க்கட்டியாகும். அதைக் கிள்ளினால் தழும்புதான்.

நாங்கள் கேட்பது நான்கு வரி. சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். ஐஸ், பற்பசை கூடாது. புண்ணோடு ஒட்டிக்கொண்ட கட்டுத்துணியை சலைனில் ஊறவைத்தே எடுக்க வேண்டும். வெடுக்கென்று பிய்த்தால் புதுத்தோலும் கூடவே வந்துவிடும். அழகுக் குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள்.

வருத்தத்துடன்,
தீக்காயப் பிரிவுச் செவிலியர்கள்