பாதி வாதத்துக்குத்தான் பதில் வந்திருக்கிறது

ஆசிரியருக்கு,

வணக்கம். கடவுளும் தீமையும் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, மனிதருக்குக் கடவுள் சுதந்திரம் தந்ததால்தான் தீமை வந்தது, நாத்திகரின் வாதம் இத்துடன் முடிந்தது என்கிறது. முடிந்தது பாதி வாதம்தான்.

1955-இல் ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஜே. எல். மேக்கி வைத்தது முரண்பாட்டு வாதம். கடவுள் எல்லாம் வல்லவர், முழுக்க நல்லவர், தீமையும் உண்டு: இம்மூன்றும் சேர்ந்து உண்மையாக இருக்கவே முடியாது என்றார். 'முடியவே முடியாது' என்ற கூற்றை உடைக்க ஒரு சாத்தியம் போதும். அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா 1974-இல் அதைத்தான் காட்டினார். தவறே செய்யாதபடி கட்டிப்போட்டால் அது சுதந்திரம் ஆகாது. சுதந்திரத்தோடு யாரைப் படைத்திருந்தாலும் ஒருமுறையேனும் அவர் தவறியிருக்கக்கூடும். இது நடந்த உண்மை என்று பிளான்டிங்கா நிறுவவில்லை. நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. தாம் செய்வது தற்காப்பு மட்டுமே, கடவுள் தீமையை ஏன் அனுமதித்தார் என்ற விளக்கம் அல்ல என்று அவரே பிரித்துச் சொன்னார். கட்டுரையாளர் அந்தத் தற்காப்பையே விளக்கமாக எடுத்துக்கொண்டார். கோளாறு அங்கேதான்.

விளக்கம் என்று கொண்டால் இயற்கைப் பேரழிவில் அது இடிக்கும். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாளில் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன் மக்கள் கோயில்களில் இருந்தபோது பூமி அதிர்ந்தது. பின்னாலேயே கடலும் தீயும் வந்தன. 2004 டிசம்பர் 26 காலையில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் யாத்ரீகர்கள் மாண்டதை நாம் மறக்கவில்லை. இதற்கு யாருடைய சுதந்திரம் காரணம்?

மறுபாதி வாதம் 1979-இல் அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ரோ வைத்தது. அவர் முரண்பாடு பேசவில்லை, சான்றை எடைபோட்டார். காட்டுத்தீயில் வெந்த மான்குட்டி ஒன்று பல நாள் துடித்துச் சாகிறது; பார்க்க ஆளில்லை, பாடம் கற்க ஆளில்லை. இதனால் விளையும் நன்மை எதுவும் நமக்குத் தெரியவில்லை. ஆகவே அப்படி ஒன்று இல்லை என்று கருதவே நியாயம் அதிகம் என்றார். இதற்கு 1984-இல் தத்துவவாதி ஸ்டீபன் விக்ஸ்ட்ரா தந்த மறுப்பு வலுவானது. மொட்டைமாடியில் நின்று பார்த்துத் தெருவில் யானை இல்லை என்று சொல்லலாம், எறும்பு இல்லை என்று சொல்லக்கூடாது. கடவுளின் காரணங்கள் நம் கண்ணுக்கு எறும்பு போன்றவை.

ஆனால் இந்த மறுப்புக்கு விலை உண்டு. கடவுளின் நோக்கம் நமக்கு எட்டாது என்று தீமைக்குச் சொன்னவர், பூவின் அழகையும் கண்ணின் அமைப்பையும் காட்டிக் கடவுள் நல்லவர் என்று நிறுவ முடியாது. எட்டாதது இரண்டு பக்கமும் எட்டாதுதான். கட்டுரையின் முதல் பாதி படைப்பின் ஒழுங்கைச் சான்றாக்குகிறது, பிற்பாதி நம் அறிவின் எல்லையைச் சொல்லித் தப்பிக்கிறது. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள வழியில்லை.

கட்டுரையாளர் தொடாமல் விட்டது சைவ சித்தாந்தத்தை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணிக்கும் கட்டு) மூன்றும் அநாதி, அதாவது தொடக்கமில்லாதவை. உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்தை இறைவன் படைக்கவில்லை. எனவே 'தீமையை ஏன் படைத்தார்' என்ற கேள்வியே அங்கே எழாது. மாறாக, வேறொரு கேள்வி எழும்: எல்லாம் வல்லவருக்கு மலம் பக்குவப்படும்வரை காத்திருப்பு ஏன்? சித்தாந்தம் கற்றவர் ஒருவரைக் கொண்டு இதற்குத் தனிக் கட்டுரை எழுதச் சொல்லும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்