பூர்வகுடிக் கட்டடக்கலைத் தமிழ்த் தொகுப்புக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பூர்வகுடி மக்களின் மரபும் விழுமியங்களும் இன்றைய கட்டடங்களில் எவ்வாறு இடம்பெறுகின்றன என்பதை வரைபடங்களுடன் விளக்கும் தமிழ்த் தொகுப்பொன்றை அச்சிட்டு, கட்டடக்கலை மாணவர்களுக்கும் பொது நூலகங்களுக்கும் விலையின்றி வழங்க எங்கள் குழு முனைந்துள்ளது. எழுத்துப் பணி பெரும்பாலும் முடிந்துவிட்டது. படங்களுக்கும் அச்சுக்கும் தங்கள் உதவியை நாடுகிறோம்.

தொகுப்பின் முதல் பகுதி, பசிபிக் பெருங்கடல் தீவான நியூ கலிடோனியாவில் 1998இல் திறக்கப்பட்ட ஜிபாவு பண்பாட்டு மையத்தைப் பற்றியது. இத்தாலியக் கட்டடக்கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்த அம்மையத்தில், அத்தீவின் பூர்வகுடிகளான கனாக் மக்களின் பெருங்குடிலை நினைவூட்டும் பத்து மரக்கூடுகள் நிற்கின்றன. அவற்றுள் மிக உயர்ந்தது 28 மீட்டர். வளைந்த மரச்சட்டங்களை இரண்டு அடுக்காக நிறுத்தி, நடுவே காற்று ஏறிச்செல்ல இடம் விட்டு, கடற்காற்றின் வேகத்துக்கேற்பத் திறந்து மூடும் சாய்பலகைகளைப் பொருத்தியிருக்கிறார்கள். கூடுகளின் உச்சி முடைந்து முடிக்காமல் விட்டதுபோல் தோன்றும். கனாக் பண்பாடு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள்.

நியூசிலாந்தின் மாவோரி குடிகளுள் ஒன்றான டூஹோய் மக்கள் 2014இல் திறந்த தே குரா ஃபாரே என்னும் பொதுக் கட்டடம் எங்களை இன்னும் ஆழமாகத் தொட்டது. அதன் மண்கற்களை அம்மக்களே தங்கள் கைகளால் செய்தார்கள். அதே ஆண்டில்தான், அவர்களுடைய தாயகமான தே உரேவெரா காடு தனக்கெனச் சட்ட உரிமையுள்ள ஓர் ஆளாக ஏற்கப்பட்டது. நிலத்தை உறவாகக் கருதும் மக்கள் எழுப்பிய கட்டடம் அது. முகப்பில் பழங்குடி ஓவியம் ஒன்றை ஒட்டிவிட்டு மரபைப் போற்றியதாகச் சொல்லிக்கொள்ளும் கட்டடங்களை, அதன் எதிரில் வைத்துப் பார்க்கவும் எங்களுக்கு மனம் வரவில்லை.

மரபறிவும் வடிவங்களும் அந்தந்த மக்களுக்கே உரியவை என்று 2007ஆம் ஆண்டின் ஐ.நா. பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தின் 31ஆம் உறுப்பு கூறுகிறது. ஆகவே, உரிய மக்களின் இசைவு பெற்ற பின்னரே ஒவ்வொரு படத்தையும் வெளியிடுவோம்; வெளியார் காணத்தகாதவை என்று அவர்கள் சொல்லும் கோலங்களையும் உள்ளறைகளையும் விட்டுவிடுவோம். திரளும் நிதியில் ஒரு பங்கு அவர்களுக்குரிய மதிப்பூதியமாகச் செல்லும்.

தொகை சிறிதா பெரிதா என்று எண்ணாமல், இயன்றதை வழங்குமாறு வேண்டுகிறோம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தரப்படும். அச்சு முடிந்ததும் வரவு செலவுக் கணக்கு நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். வரைபடம் தீட்டவோ மெய்ப்புத் திருத்தவோ வல்லவர்கள் தங்கள் உழைப்பையே நன்கொடையாகத் தந்தாலும் நன்றியுடன் ஏற்போம்.

இவண்,
தொகுப்புக் குழுவினர்