அஞ்சறைப் பெட்டியும் மாத்திரை டப்பாவும்

கும்பகோணம்
வியாழக்கிழமை

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படம் வந்தது. தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் புதுக் கைபேசி, வாடிய ரோஜா, பாதி எரிந்த மெழுகுவர்த்தி, நின்றுபோன கடிகாரம். 'காலம்' என்று தலைப்பு வேறு. வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மெழுகுவர்த்தி யாருடையது? கரண்ட் போன இரவுகளைத் தவிர நம் வீட்டில் அதை யார் தேடினார்கள்? 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் மண்டையோட்டையும் மெழுகுவர்த்தியையும் வைத்து நிலையாமையைச் சொன்னார்கள். அங்கே பார்த்தவுடன் புரிந்த அடையாளங்கள் அவை, உனக்கு இரவல். ரோஜாவும் கடிகாரமும் ஒரே சேதியைக் கத்துவதில், கண்ணாடியும் கைபேசியும் பேசுவது காதில் விழவில்லை.

நான் ஸ்டூடியோவில் 30 வருடம் கல்யாணமும் பாஸ்போர்ட் படமும் எடுத்தவன். பொருள்களைப் படமெடுக்கச் சொல்லிக் காசு கொடுத்தவர்கள் நகைக்கடைக்காரர்கள் மட்டும்தான். அதனால் என் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேள். டீனா மொடோட்டி என்ற புகைப்படக்காரரின் படங்களைத் தேடிப் பார். இத்தாலியில் பிறந்து, 1923-ல் அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டனோடு மெக்சிகோ போனவர். 1927-ல் தோட்டா வார், மக்காச்சோளக் கதிர், அரிவாள் மூன்றையும் சேர்த்து வைத்து ஒரு படம் எடுத்தார். இன்னொன்றில் அரிவாளுக்குப் பதில் கிட்டார். உழவு, போர், பாட்டு என்று யாரும் அர்த்தம் சொல்லிவிடலாம். நீ சோள மணிகளின் வரிசையையும் தோட்டாக்களின் வரிசையையும் மாறி மாறிப் பார். கண் முதலில் இரண்டையும் சொந்தக்காரர்களாக்கிவிடுகிறது. ஒன்று வயிற்றை நிரப்புவது, மற்றது உயிரை எடுப்பது என்பது அப்புறம்தான் சுருக்கென்று குத்துகிறது.

நேற்று நானும் முயன்று பார்த்தேன். உன் அம்மாவின் அஞ்சறைப் பெட்டி, அவளுடைய ஒரு வார மாத்திரை டப்பா. காலை பத்து மணி, ஜன்னலில் என் வெள்ளை வேட்டியைத் திரையாகத் தொங்கவிட்டேன். எதிரே நின்று எடுத்தபோது பித்தளைப் பெட்டி எருமை போல உட்கார்ந்திருந்தது. டப்பா அதன் நிழலில் காணாமல் போய்விட்டது. ஸ்டூல் மேல் ஏறி நேர்மேலிருந்து பார்த்தேன். (அம்மாவிடம் அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) கடுகு, சீரகம், வெந்தயம் என்று கிண்ணங்கள், பக்கத்தில் ஏழு கிழமைக்கு ஏழு அறை, மூடிகள் திறந்தபடி. வெந்தய நிறத்திலேயே ஒரு மாத்திரை! நடுவே இரண்டு விரற்கடை இடம் விட்டேன். ஒட்டி வைத்தால் கடைச்சரக்கு போல இருந்தது, இன்னும் தள்ளினால் ஒன்றையொன்று தெரியாததுபோல. ஒரு கரண்டியும் வைக்கலாமா என்று கை போனது, வைக்கவில்லை. அதற்குள் அம்மா வந்து, "சாம்பார் தாளிக்க வேண்டும், பெட்டியைத் தருகிறீர்களா இல்லையா?" என்று நின்றாள். காலையில் அவள் கையிலிருந்து சிந்திய நாலு கடுகு தட்டிலேயே கிடந்தது. துடைக்காமல் எடுத்தேன்.

படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கியபோதுதான் கவனித்தேன், செவ்வாய்க்கிழமை அறையில் மாத்திரை அப்படியே இருக்கிறது. நான் எடுத்தது புதன்கிழமை. கேட்டால் சிரித்து மழுப்புகிறாள். நான் சொன்னால் காதில் ஏறாது. இரவு ஃபோன் செய்யும்போது நீ ஒரு வார்த்தை கேள்.

அன்புடன்,
அப்பா